பதினாலாம் ஃபாரத்தின் மறுபக்கம்

நிதானம் என்பது அவளுக்குப் பைண்டிங் கடையில் வைத்த பெயர். ஒரு தாளை மடித்து, மடிப்பை அழுத்தித் தேய்த்து, ஓரம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, சேராவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? முதல் வாரத்திலேயே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று மேஸ்திரி நினைத்தாராம். இரண்டாவது வாரம் அவள் மடித்த கட்டுகளில் ஒரு தாள்கூடக் கோணல் இல்லை என்று கண்டு வாயை மூடிக்கொண்டார். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயர் வைத்தவர்களுக்கு அப்போது தெரியாத ஒன்று உண்டு. கோபத்திலும் அவள் அப்படித்தான். சட்டென்று வராது, வந்தால் சட்டென்று போகாது. ஒரே ஒரு கோபத்தைப் பத்தொன்பது வருஷம் ஓரம் பிசகாமல் மடித்து வைத்திருந்தாள். அதைப் பிரித்துப் போட ஓர் இளவரசியும் ஒரு படகோட்டியும் வரவேண்டியிருந்தது. இன்றைக்கும் ராஜா ராணிக் காதல் கதைகளை யாராவது இளக்காரமாகப் பேசினால் அவளுக்குப் பொறுக்காது. "எனக்கு அது செஞ்ச நல்லதை எந்தப் பெரிய புஸ்தகமும் செய்யல" என்பாள். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

கடை, ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கீழே ரப்பர் வாடை, மேலே பசை வாடை, படிக்கட்டில் இரண்டும் சேர்ந்து ஒரு வாடை. நீள மேஜை ஒன்று, அதைச் சுற்றி எட்டு முக்காலி, எட்டுப் பெண்கள். தலைக்கு மேலே மூன்று மின்விசிறிகள் தொங்கின. அவை அழகுக்குத்தான். போட்டால் தாள் பறக்கும் என்று மேஸ்திரி சுவிட்சுக்கு மேலேயே ஒட்டுத்தாள் ஒட்டி வைத்திருந்தார். எந்த வெயிலிலும் அந்த ஒட்டுத்தாளைப் பிரிக்கும் தைரியம் எவருக்கும் வந்ததில்லை.

அச்சகத்திலிருந்து தாள் மடிக்காமல் வரும். ஒரு பெரிய தாளில் மேல்முகத்தில் எட்டுப் பக்கங்கள், அடிமுகத்தில் எட்டுப் பக்கங்கள். மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கமும் வரிசையாக வந்து உட்காரும். அதுதான் ஒரு ஃபாரம். ஆனால் மடிக்கும் முன்பு அந்த வரிசை இருக்காது. மேலே தெரிகிற எட்டில் பாதி தலைகீழாக நிற்கும். மேல்முகத்தில் மூன்றாம் பக்கத்தைப் படித்து முடித்தால் அடுத்துக் கண்ணில் படுவது ஆறாம் பக்கம். நடுவில் உள்ள இரண்டும் தாளுக்கு அடியில் இருக்கும். புரட்டிப் பார்க்க யாருக்கு நேரம்? மூவாயிரம் பிரதி என்றால் ஆளுக்கு மூவாயிரம் தாள், மூன்று நாள் வேலை. கை மடிக்கும், கண் மட்டும் சும்மா இருக்காமல் மேலே தெரிவதைத் திருட்டுத்தனமாக மேயும். தலைகீழ் எழுத்தெல்லாம் அந்தப் பெண்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர் மடியில் விரித்த பேப்பரை இவர்கள் இங்கிருந்தே படித்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.

இப்படி ஆளுக்கு ஒரு ஃபாரம் என்பதால், ஒரு புத்தகத்தின் கதை எட்டுப் பேரிடம் எட்டுத் துண்டாகக் கிடக்கும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் அதைச் சேர்ப்பார்கள். ஒன்றாம் ஃபாரத்துக்காரி முதலில் சொல்வாள், அடுத்து இரண்டு, அடுத்து மூன்று. ஒருத்தி ஃபாரத்தை இன்னொருத்தி எட்டிப் பார்க்கக் கூடாது, ஒருத்தி சொல்லும்போது இன்னொருத்தி குறுக்கே பேசக் கூடாது. அது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். முதல் இடத்தில் உட்காரும் பெரியம்மா அதற்கு நீதிபதி. அடிமுகத்தில் இருந்து கண்ணுக்குத் தப்பிய பக்கங்களை அவரவர் புத்திக்கு எட்டியபடி இட்டு நிரப்பிக்கொள்வார்கள். வரிவிதிப்பைப் பற்றிய புத்தகத்தைக்கூட ஒருமுறை அப்படிச் சொல்லி, கடைசியில் இரண்டு பேர் அழுதிருக்கிறார்கள்.

நிதானத்துக்கு ஆறாவது இடம். ஏழாவது இடத்தில் அவளுடைய அண்ணி.

சொந்த அண்ணனின் மனைவி. கடையில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர், வாய் அப்படி. இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது தெரியாமல் மேஸ்திரி அவளை வேலைக்குச் சேர்த்து, காலியாக இருந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டார். அதுவும் ஆகிவிட்டது பதினோரு வருஷம். முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து, ஒரே பசைக் கிண்ணத்தில் பிரஷ்ஷைத் தொட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை இல்லை. கிண்ணம் வேண்டுமென்றால் நிதானம் எட்டாவது இடத்துப் பெண்ணிடம் கேட்பாள். அந்தப் பெண் பட்டாசிடம் வாங்கி, பட்டாசைத் தாண்டி நீட்டுவாள். இப்படி எட்டாவது இடத்தில் நான்கு பெண்கள் வந்து போய்விட்டார்கள். இப்போது இருப்பவள் கல்யாணமாகி இரண்டு மாதமான புதுப்பொண்ணு.

காரணம் பழைய காரணம். நிதானத்துக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் மேல் மனது போனது. அப்பா இல்லாத வீடு, அண்ணன் வைத்ததுதான் சட்டம். அவன் குதித்தான். மெக்கானிக் இரண்டு பஸ் டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டு, "உன் லெட்டர் வந்தா வர்றேன், வரலைன்னா உனக்கு இஷ்டமில்லைன்னு எடுத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். நிதானம் லெட்டர் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுவதாக எழுதி, அந்த வீட்டில் தான் நம்பிய ஒரே ஆளிடம் கொடுத்தாள். அண்ணி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இருவரும் ஒரே கட்டிலில் படுத்துக் கதை பேசிச் சிரித்த காலம் அது.

அண்ணி அந்த லெட்டரைக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்துவிட்டாள். மெக்கானிக் வரவில்லை. நிதானத்தை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. எட்டு மாதம் கழித்து, ஒரு காலை வேளையில் அவள் கட்டிய துணியோடு நேராக வாசல் வழியாக நடந்து மெக்கானிக்கிடம் போய், லெட்டர் போன கதையைச் சொல்லி, அவனையே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. மகள் பிறந்தபோது அண்ணன் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுதான். அண்ணனை மன்னித்துவிட்டாள். ஆண்பிள்ளை, கோபக்காரன், அவன் அப்படித்தான். கூடவே இருந்து கழுத்தறுத்தவளை எப்படி மன்னிப்பது? அண்ணன் மாதம் ஒருமுறை தனியாக வந்து போனான். அண்ணியைப் பற்றி அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் அந்த வருஷம், அண்ணன் மகனுக்குத் தொலைவில் வேறொரு ஊரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு அங்கேயே போய்விடுவது என்று முடிவாயிற்று. கையில் இருக்கும் புத்தகம் முடிகிற சனிக்கிழமையோடு பட்டாசு நின்றுகொள்வாள் என்று மேஸ்திரி சொன்னார். மேஜையில் எல்லோரும் ஓரக்கண்ணால் நிதானத்தைப் பார்த்தார்கள். அவள் தாளின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மடித்ததில் பதினோரு தாள் கோணல். அதை மேஸ்திரி பார்த்தார், எடுத்துத் தனியே வைத்துவிட்டார்.

கையில் இருந்த புத்தகம்தான் அந்த இளவரசி கதை. பதினேழு ஃபாரம். அந்த நாட்டு ராஜ வம்சத்தாருக்கு நிழல் விழாது. வெயிலில் நின்றாலும் விளக்கில் நின்றாலும் தரை வெறுமையாகவே இருக்கும், அதுதான் அவர்களுக்குப் பெருமை. இளவரசி ஒரு நாள் ஆற்றைக் கடக்கப் படகில் ஏறுகிறாள். படகோட்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றதும் அவளுக்கு நிழல் விழுகிறது. அவனை விட்டு விலகினால் நிழல் மறைகிறது, கிட்டே வந்தால் மறுபடி விழுகிறது. புதுப்பொண்ணு இதைக் கேட்டதிலிருந்து வேலை முடிந்து போகும்போதெல்லாம் தன் நிழலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பெரியம்மாவுக்கு ஒரே சந்தேகம். நிழல் இல்லாத நாட்டு ராஜாவுக்குக் குடை பிடிக்கிறவன் எதற்கு என்று முதல் சுற்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் சுற்றில் எட்டு ஃபாரம் முடிந்து, இரண்டாவது சுற்றில் நிதானத்துக்குப் பதினாலாம் ஃபாரம் வந்தது, பட்டாசுக்குப் பதினைந்து. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நிதானத்தின் முறை. வழக்கமாக நான்கு வரியில் முடித்துக்கொள்கிறவள் அன்றைக்கு டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். இளவரசி படகோட்டிக்கு ஓலை எழுதுகிறாள், பௌர்ணமியன்று வடகரைக்குப் படகோடு வரச் சொல்லி. அதைத் தன் தோழியிடம் கொடுக்கிறாள். சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்த தோழி. இருநூற்றுப் பதினைந்தாம் பக்கத்தில் அந்தத் தோழி ஓலையை எடுத்துக்கொண்டு ராஜாவின் அறைக்கதவைத் தட்டுகிறாள். அடுத்துக் கண்ணில் பட்ட இருநூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் காவலர்கள் படகோட்டியைக் குடிசையிலிருந்து இழுத்துப்போய்ச் சிறையில் போடுகிறார்கள்.

நடுவில் உள்ள இரண்டு பக்கத்தையும் நிதானம் தானே நிரப்பினாள். தோழிக்குப் பொறாமையாம். இளவரசி சந்தோஷமாக இருந்துவிடுவாளோ என்று வயிற்றெரிச்சலாம். ராஜாவிடம் நல்ல பெயர் வாங்கிக்கொள்ள ஆசையாம். "சில பேரு அப்படித்தான். கூடவே படுத்து, கூடவே சாப்பிட்டு, நம்ம உசுரையே எடுத்து அடுத்தவங்க கையில குடுத்துடுவாங்க" என்றாள்.

பட்டாசு தலை நிமிரவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, டப்பாவைக் கழுவப் போய்விட்டாள். அத்தனை வாய் படைத்தவள் ஒரு பதிலும் சொல்லாமல் போனது நிதானத்துக்கு வெற்றியாகத்தான் பட்டது. ஆனால் மூடி வைத்த டப்பாவை அவள் மறுபடி திறக்கவில்லை.

அன்று பிற்பகல் மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள் என்று நிதானம் அரை நாள் விடுப்பில் போய்விட்டாள். அவளுடைய குவியலில் மிச்சம் இருந்ததில் ஒரு கட்டை அச்சகத்தில் மாற்றி அடுக்கிவிட்டிருந்தார்கள். அடிமுகம் மேலே, மேல்முகம் கீழே. அப்படியே மடித்தால் புத்தகத்தில் பக்கம் தாறுமாறாகிவிடும். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் போட்டுத்தான் மடிக்க வேண்டும், யாருக்கும் பிடிக்காத வேலை. மேஸ்திரி அதை ஏழாவது இடத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தார். பட்டாசு ஐந்நூறு தாளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். புரட்டும் முன் மேலே தெரிந்தவை இருநூற்றுப் பதினாறும் பதினேழும் இருந்த முகம்.

மறுநாள் புதன்கிழமை மத்தியானம் பதினைந்தாம் ஃபாரத்தின் முறை. எல்லோரும் பட்டாசின் வாயைப் பார்த்தார்கள்.

"பதினஞ்சு அப்புறம் சொல்றேன். பதினாலுல ரெண்டு பக்கம் விட்டுப் போச்சு" என்றாள்.

பெரியம்மாவின் கை பாதியில் நின்றது. இன்னொருத்தி ஃபாரத்தைச் சொல்வது இந்தப் பதினோரு வருஷத்தில் நடக்காத காரியம். சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று ஆரம்பித்தாள். பட்டாசு, மேஸ்திரி கொடுத்த வேலையில் கண்ணில் பட்டது, தானாக எட்டிப் பார்க்கவில்லை என்றாள். பெரியம்மா நிதானத்தைப் பார்த்தாள். நிதானம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் பட்டாசிடம் பேச வேண்டும். எனவே பேசாமல் இருந்தாள்.

பட்டாசு சொன்னாள். தோழி ஓலையோடு ஆற்றுக்குத்தான் கிளம்புகிறாள். அரண்மனைப் படிக்கட்டுக்கு அடியில் தளபதி வில்லாளிகளுக்கு உத்தரவு கொடுப்பது அவள் காதில் விழுகிறது. விஷயம் கசிந்துவிட்டது, பௌர்ணமியன்று வடகரைப் புதரில் ஒளிந்திருங்கள், படகு வந்ததும் அடித்துவிடுங்கள் என்கிறான். ஓலை போனால் அவன் வருவான், வந்தால் செத்தான். போகாவிட்டாலும் தளபதி இன்னொரு நாள் பார்த்துக்கொள்வான். தோழி நேரே ராஜாவிடம் போகிறாள். இந்த ஓலையைத் தருகிறேன், அதற்குப் பதிலாக அவன் உயிருக்கு ஆபத்து வராது என்று வாக்குக் கொடுங்கள் என்கிறாள். ராஜா வாக்குக் கொடுக்கிறார். படகோட்டி சிறைக்குப் போகிறான், உயிரோடு.

புதுப்பொண்ணுக்கு மட்டும் பழைய விஷயம் எதுவும் அவ்வளவாகத் தெரியாது. அதனால் கேட்டாள்.

"அப்ப ஏன்க்கா அவ இளவரசிகிட்ட அதைச் சொல்லவே இல்ல?"

பட்டாசு டப்பா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மூடி சேர்ந்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

"எப்படிச் சொல்றது? உனக்கு வேண்டியவனைக் கொல்ல ஆள் வெச்சது வேற யாரும் இல்ல, உன் சொந்த ரத்தம்தான்னு சொல்லணும். சொன்னா அவளுக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணே இல்லாமப் போயிடும். இப்ப என்ன, தோழி ஒருத்திதானே கெட்டவ? அது இருந்துட்டுப் போகட்டும்."

புதுப்பொண்ணு, "தளபதிதானே ஆள் வெச்சான்? அவன் என்ன சொந்தம்? இதெல்லாம் புஸ்தகத்துல இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் பட்டாசு. எழுந்து டப்பாவைக் கழுவப் போய்விட்டாள்.

நிதானம் தன் இடத்துக்குத் திரும்பி, குவியலில் மேலே இருந்த தாளை எடுத்து வாழ்க்கையில் முதல்முறையாகப் புரட்டிப் பார்த்தாள். இருநூற்றுப் பதினாறு, பதினேழு. தளபதி, வில்லாளிகள், புதர், வாக்கு, எல்லாம் அச்சில் இருந்தன. பட்டாசு கடைசியாகச் சொன்னது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. இன்னொரு தாளை எடுத்துப் புரட்டினாள். மூவாயிரத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. இருந்தாலும் நான்கைந்து தாளைப் புரட்டினாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் அண்ணனின் கடைக்குப் போனாள். கடை என்றால் சந்தைக்குப் போகும் வழியில், ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்த சாவி செய்யும் இடம். நின்றால் தலை இடிக்கும். சுவர் முழுக்க அறுக்காத சாவிகள் ஆணியில் தொங்கின. அண்ணன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, என்ன இந்த நேரத்தில் என்று கேட்டான். அவள் உட்காரவில்லை.

"அண்ணா, அந்த ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டுல எத்தனை பேரு நின்னாங்க?"

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. அரத்தைக் கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"நாலு பேரு நிக்கறதா இருந்துச்சு" என்றான்.

பிறகு அவனாகவே சொன்னான். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இருந்தவன் அவனுடைய சிநேகிதன். மெக்கானிக் இரண்டு டிக்கெட் எடுத்ததை அவன்தான் வந்து சொன்னான். இரண்டு காலையும் எடுத்துவிடுவது என்று முன்னறையில் உட்கார்ந்து பேசினார்கள். அதைச் சமையலறையிலிருந்து கேட்டது இவன் பெண்டாட்டி. லெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இது போகாது, அவரும் வர மாட்டார், ஆனால் இதற்கப்புறம் என்ன நடந்தாலும் அவர் மேல் கை வைக்க மாட்டேன் என்று நம் பிள்ளை மேல் சத்தியம் பண்ணுங்கள் என்றாள். அப்போது பிள்ளை அவள் வயிற்றில் இருந்தான்.

"உன் கல்யாணத்தன்னிக்கும் நான் கிளம்பினேன். வாசலை மறிச்சுக்கிட்டு நின்னா. வயித்தைத் தொட்டுக் காட்டினா, அவ்வளவுதான். அப்புறம் உன்கிட்டச் சொல்லிடலாம்னு நூறு தடவை நினைச்சேன். நீ என்கூடப் பேசிக்கிட்டு இருந்தே. அது போயிடுமோன்னு பயம். அவளும் சொல்ல வேணாம்னுட்டா. எனக்கு அது வசதியாப் போச்சு" என்றான்.

நிதானத்துக்கு அவனைப் பளாரென்று ஒன்று விடலாம் போலிருந்தது. விட்டிருந்தால் தப்பில்லை என்றுதான் இதை எழுதுகிறவருக்கும் தோன்றுகிறது. ஆனால் அவளுக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தைவிடப் பெரிதாக இன்னொன்று வந்தது. வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. தெருமுனைக் குழாயடியில் நின்று முகம் கழுவிக்கொண்டபோதுதான் தெரிந்தது, அது நன்றி. புருஷனை முழுசாக வைத்திருந்ததும், அண்ணன் என்று சொல்லிக்கொள்ள ஒருவன் மிஞ்சியதும், இரண்டுமே ஒரே ஆள் கொடுத்தது. அந்த ஆளுக்கு இவள் கொடுத்தது பத்தொன்பது வருஷ மௌனம்.

இனி என்ன, போய்ப் பேச வேண்டியதுதானே என்று தோன்றும். பத்தொன்பது வருஷம் மூடியிருந்த வாய் அவ்வளவு சுலபமாகத் திறக்குமா? வெள்ளிக்கிழமை காலை நிதானம் தொண்டையைச் செருமினாள், ஆறு முறை. மேஸ்திரி இருமல் மருந்து வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டார். மத்தியானம் பசைக் கிண்ணத்தைத் தானே கேட்டுவிடுவது என்று முடிவு செய்து திரும்பினாள். பட்டாசும் திரும்பினாள். உடனே இவள் புதுப்பொண்ணைப் பார்த்து, கிண்ணம் என்றாள். கிண்ணம் வந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு மடித்தாள்.

சனிக்கிழமை கடைசி ஃபாரம், பதினேழு. அது பெரியம்மாவுடையது. மற்றவர்கள் ஃபாரங்களை ஒன்றிலிருந்து வரிசையாக எடுத்துச் சேர்க்கும் வேலையில் இருந்தார்கள். மத்தியானம் பெரியம்மா முடிவைச் சொன்னாள். படகோட்டி சிறையிலிருந்து வருகிறான். ராஜா மனம் மாறுகிறார். ஊர் முழுக்கக் கூடிய கல்யாணத்தில் இளவரசியின் நிழல் தரையில் விழுகிறது, ராஜாவின் நிழலும் விழுகிறது, குடை பிடிக்கிறவனுக்கு அன்றைக்குத்தான் வேலை வருகிறது. பெரியம்மாவின் சந்தேகம் தீர்ந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். புதுப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தத் தோழி?" என்று நிதானம் கேட்டாள்.

பெரியம்மா யோசித்தாள். தோழியைப் பற்றி ஒன்றும் வரவில்லையே என்றாள். நிதானம் எழுந்து போய்ப் பதினேழாம் ஃபாரத்தில் ஒரு தாளை எடுத்து வந்தாள். மேல்முகத்தைப் படித்தாள். புரட்டி அடிமுகத்தைப் படித்தாள். தலைகீழ்ப் பக்கம், நேர்ப் பக்கம், ஒன்று விடாமல் நின்றுகொண்டே பதினாறையும் படித்தாள். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டுக் கீழே டயர் கடைக்கு இறங்கிப் போனார். கல்யாணத்துக்கு வந்தவர்களின் பெயர் ஒரு முழுப் பக்கத்துக்கு இருந்தது. யானைப்பாகன் பெயர்கூட இருந்தது. தோழி இல்லை.

"மறந்துட்டாங்க. அவ்ளோ செஞ்சவ, அவளைக் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடல" என்றாள். தாளைக் கீழே வைத்துவிட்டு ஏழாவது இடத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி."

பட்டாசு சேர்த்துக்கொண்டிருந்த ஃபாரங்களை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் கல்யாணத்துக்கு நீங்க வரல அண்ணி."

"நீ கூப்பிடலையேடி."

அந்த வாயாடி முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை மேஜையில் ஏழு பேரும் பார்த்தார்கள். நிதானம் அழுதாள், கீழே வைத்த தாளில் படாமல் தள்ளி நின்று அழுதாள், வேலைக்காரப் புத்தி. நான் எல்லாம் தெரிந்துகொண்டேன், அண்ணனே சொன்னான், என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள் என்றாள். பட்டாசு திட்டவில்லை. பதினோரு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து இவள் முழங்கையில் இடி வாங்கியதுதான் மிச்சம் என்றாள். அழுதுகொண்டே எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா தன் டப்பாவில் மிச்சம் வைத்திருந்ததை இருவர் முன்னாலும் தள்ளினாள்.

பட்டாசின் குடும்பம் திங்கட்கிழமை கிளம்புகிறது. அதனால் நிதானம் அன்று சாயங்காலமே அவளைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனாள். இருவரும் தெருவில் சேர்ந்து நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் இருவருக்குமே சரியாக நினைவில்லை. மகள் என்ன படிக்கிறாள், அங்கே தண்ணீர் எப்படி, வாடகை வீட்டில் ஜன்னல் எத்தனை, இந்த மாதிரி. பத்தொன்பது வருஷத்தை அரை மணி நேரத்தில் பேசினால் இப்படித்தான் வரும். நடுவில் ஒருமுறை நிதானம் அவள் கையைப் பிடித்தாள், தெருவைக் கடக்கும் சாக்கில். கடந்த பிறகும் விடவில்லை.

வீடு மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக்கே லிஃப்ட் இல்லையா என்று ஊரில் எல்லோரும் கேலி செய்துவிட்டார்கள், பட்டாசும் தன் பங்குக்குச் செய்தாள். கீழேயிருந்து நிதானம் குரல் கொடுத்தாள், என்னங்க, யார் வந்திருக்காங்க பாருங்க என்று. வியாழக்கிழமை ராத்திரியே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் அன்று, அவங்களை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே என்று மட்டும் சொல்லியிருந்தார்.

மேலே கதவு திறந்தது. அவர் வருகிறவர்களுக்காக வாசலில் காத்து நிற்கவில்லை. மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தடதடவென்று இறங்கி ஓடி வந்தார். கடைசிப் படியில் நின்று கைகூப்பி, "வாங்க" என்றார்.

பட்டாசு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கால் இரண்டையும்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.